கெரட்டோகோனஸ்: கருவிழி மாற்றிய பிறகு தம்பியின் பார்வை எவ்வளவு திரும்பும்?

வைகைக்கரையாள் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 22 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறான். பதினைந்து வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை அவனுக்குக் கண்ணாடி மாற்றி வந்தோம். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பவர் (கருவிழியின் சீரற்ற வளைவை ஈடுசெய்யும் பவர்) ஏறியதே தவிர, அது ஏன் ஏறுகிறது என்று கடையில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சென்ற மாதம் கருவிழியை (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலத்தை) ஸ்கேன் செய்து பார்த்தபோதுதான் இரண்டு கண்களிலும் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய், இருப்பது தெரிந்தது.

வலது கண்ணில் கருவிழியின் மிக மெல்லிய இடம் 338 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உச்ச வளைவு 69 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் ஆற்றலின் அலகு) என்று அறிக்கையில் இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் 6/60 வரிதான் தெரிகிறது; அதாவது நல்ல கண் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை அவன் 6 மீட்டரில் நின்றுதான் படிக்கிறான். இடது கண்ணில் 471 மைக்ரான், 50 டயாப்டர். கண்ணாடியுடன் 6/9 படிக்கிறான். வலது கண்ணுக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னதும், அம்மா என்னைப் பார்த்து, "வேறு கண் வைத்துவிட்டால் பழையபடி தெரிந்துவிடும்தானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் எனக்கு உண்மையில் எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் தெரியுமா, எத்தனை நாளில் தெரியும், அந்தக் கருவிழி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொற்கைமுத்து:

சகோதரி, எனக்கு 2012-இல் இடது கண்ணில் முழுத்தடிமன் கருவிழி மாற்றம் நடந்தது. அப்போது எனக்கு 26 வயது. உங்கள் அம்மா கேட்ட அதே கேள்வியை என் அம்மாவும் கேட்டார். எங்களுக்குக் கிடைத்த பதில் "நன்றாகத் தெரியும்" என்ற இரண்டே சொற்கள். அது பொய்யில்லை என்றாலும் முழு உண்மையும் இல்லை.

கட்டை அவிழ்த்த அன்று நான் ஒரு வெளிச்சமான மூடுபனியைத்தான் பார்த்தேன். மனம் உடைந்துபோனது. மூன்றாம் மாதம் பேருந்தின் வடிவம் தெரிந்தது, எண் தெரியவில்லை. கருவிழியைச் சுற்றி 16 தையல்கள் கதிர்போலப் போட்டிருந்தார்கள்; அவற்றை ஒவ்வொன்றாகவும் இரண்டிரண்டாகவும் எடுத்து முடிக்க ஒன்றரை ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு தையலை எடுத்த பிறகும் பவர் மாறியது; நேற்று சரியாக இருந்த கண்ணாடி இன்று உதவவில்லை. எல்லாம் அடங்கியபின் நாலரை டயாப்டர் சிலிண்டர் நின்றது. இன்று கண்ணாடி போட்டு 6/12, கடினக் காண்டாக்ட் லென்ஸ் போட்டு 6/6 வரியில் சில எழுத்துகள் வரை படிக்கிறேன். கண்ணாடி இல்லாமல் என்றால், எதிரே வருபவர் யார் என்று குரல் கேட்டுத்தான் சொல்வேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. முன்பு எனக்குப் பிறைநிலா ஒன்பது பத்துப் பிறைகளாக அடுக்கித் தெரியும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு, நூல் பிரிந்த பஞ்சுபோல எல்லாப் பக்கமும் சிதறும். இன்று நிலா ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், "பழையபடி" என்ற சொல்லை மட்டும் அம்மாவின் மனத்திலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். அதனால்தான் பின்னால் சண்டை வரும்.

ஒளிவட்டம்:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், எட்டு ஆண்டுகளாகக் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கு லென்ஸ் பொருத்துவதே என் அன்றாட வேலை. கொற்கைமுத்து ஐயா சொன்னதற்குக் காரணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

கண்ணின் மொத்த ஒளிக்குவிப்பு ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் முன்பரப்பில்தான் இருக்கிறது. இயல்பான கருவிழி சுமார் 43 டயாப்டர் வளைவுடனும் நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமனுடனும் இருக்கும். கெரட்டோகோனஸில் அது மெலிந்து, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், பெரும்பாலும் நடுவிலிருந்து சற்றுக் கீழே கூம்பாகப் பிதுங்குகிறது. நெளிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோன்ற அந்த ஒழுங்கற்ற வளைவை மூக்குக்கண்ணாடியின் ஒழுங்கான சிலிண்டரால் நிரவ முடியாது. கடின லென்ஸ் செய்வது வேறு: லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே கண்ணீர் தேங்கி மேடுபள்ளங்களை நிரப்பிவிடுகிறது, ஒளி, லென்ஸின் வழவழப்பான பரப்பைத்தான் சந்திக்கிறது.

ஆகவே என் முதல் கேள்வி, வலது கண்ணுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் போட்டுப் பார்த்தீர்களா என்பதே. அது சாதாரணக் காண்டாக்ட் லென்ஸைவிடப் பெரியது. கருவிழியைத் தொடாமல் அதைத் தாண்டிக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும். அதன் குழியில் சலைன் நீரை விளிம்புவரை ஊற்றி, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து, சிறிய ரப்பர் உறிஞ்சியால் கண்ணில் வைக்க வேண்டும். ஒரு குமிழி நுழைந்தாலும் கழற்றி மறுபடியும் வைக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் திணறுவார்கள், இரண்டாவது வாரத்தில் கை பழகிவிடும். 70 டயாப்டரைத் தொட்ட கருவிழிகள்கூட இந்த லென்ஸால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் உள்ள எண் பெரிதாக இருப்பதாலேயே கருவிழியை மாற்றிவிடக் கூடாது. கருவிழி தெளிவாக இருக்கிறதா, லென்ஸுடன் என்ன தெரிகிறது என்பவைதான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வலது கண் எப்போதாவது திடீரென்று பால்போல வெளுத்துப் போனதா?

வைகைக்கரையாள்:

ஐயா, நீங்கள் கேட்டபிறகுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலையில் எழுந்ததும் வலது கண்ணில் எதுவும் தெரியவில்லை என்று அலறினான். கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழியின் நடுவில் தேங்காய்ப் பத்தைபோல ஒரு வெள்ளை இருந்தது. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் கிருமித்தொற்று என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதங்களில் வெள்ளை குறைந்தது, பார்வை மட்டும் முன்புபோல வரவில்லை. இதை இப்போதைய மருத்துவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. லென்ஸ் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

படலம்:

நான் கண் மருத்துவர், கருவிழிப் பிரிவில் சிறப்புப் பயிற்சியில் இருக்கிறேன். தம்பியின் கண்ணை நான் பார்க்கவில்லை என்பதால், கீழே எழுதுவது உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான பின்னணி மட்டுமே.

நீங்கள் விவரித்தது பெரும்பாலும் ஹைட்ராப்ஸ் எனப்படும் திடீர் நீர்க்கோவையாக இருக்கலாம். கருவிழியின் உட்புறத்தில் டெசிமே சவ்வு என்ற மெல்லிய படலம் இருக்கிறது. கூம்பு மிகவும் நீளும்போது அந்தச் சவ்வு கிழிந்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழித் திசுவுக்குள் புகுந்துவிடும். சில மாதங்களில் கிழிசல் தானாகவே மூடி வீக்கம் வடியும். ஆனால், தழும்பு எஞ்சும். அது பார்வைப் பாதையின் நடுவில் அமைந்தால் எந்த லென்ஸாலும் அதைத் தாண்ட முடியாது. தொற்று என்று தவறாகக் கருதப்படுவது இந்த நிலையில் புதிதல்ல.

இந்தச் செய்தி எந்த வகை அறுவை சிகிச்சை என்ற முடிவையே மாற்றக்கூடியது என்பதால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, கருவிழியின் முழுத்தடிமனையும் ஏழரை முதல் எட்டு மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டுத் தானக் கருவிழியைத் தைப்பது, சுருக்கமாகப் பி.கே. என்போம். மற்றொன்று, டெசிமே சவ்வையும் அதன் உட்புறம் உள்ள, கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் எண்டோதீலிய அணுக்களையும் (செல்களையும்) நோயாளியினுடையதாகவே விட்டுவிட்டு, முன்னால் உள்ள அடுக்குகளை மட்டும் மாற்றுவது, இது டால்க். 2002-இல் அன்வரும் டைக்மனும் வெளியிட்ட பெருங்குமிழி முறையில், ஆழத்தில் ஊசியைச் செலுத்திக் காற்றைப் பீய்ச்சிச் சவ்வைத் தனியே பிரிப்பார்கள். அணு அடுக்கு நோயாளியுடையதே என்பதால் ஆபத்தான எண்டோதீலிய நிராகரிப்பு (தானமாக வந்த அணுக்களை உடல் அந்நியமாகக் கருதித் தாக்குவது) டால்க்கில் நேர்வதில்லை. ஆனால், சவ்வு முன்பே கிழிந்து தழும்பேறியிருந்தால் காற்று அந்தப் பலவீனமான இடத்தில் உடைத்துக்கொண்டு போய்விடும். ஹைட்ராப்ஸ் வந்த கண்ணில் பலர் பி.கே.யையே தேர்ந்தெடுப்பதற்கும், சிலர் காற்று இல்லாமல் கையாலேயே அடுக்கடுக்காகப் பிரிப்பதற்கும் காரணம் அதுதான்.

நொய்யல்:

மருத்துவர் ஐயாவுடன் உடன்பட முடியவில்லை. என் மைத்துனருக்கு டால்க் செய்தார்கள். ஆறாவது மாதத்திலேயே ஸ்டீராய்டு சொட்டை நிறுத்திவிட்டார்கள், நிராகரிப்புப் பயமும் இல்லை. டால்க் புதியது, பி.கே. பழையது. கடினமான கண்ணில் டால்க் செய்யும் திறமையுள்ள மருத்துவரைத் தேடிப் போவதை விட்டுவிட்டு, "ஹைட்ராப்ஸ் வந்துவிட்டது, ஆகவே பி.கே." என்று ஒப்புக்கொள்வது, எது எளிதோ அதைச் செய்துகொள்வதுபோல எனக்குப் படுகிறது. ஒரு குடும்பம் இதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

படலம்:

நொய்யல் அவர்களே, உங்கள் மைத்துனர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. தெளிவான, ஹைட்ராப்ஸ் வராத கருவிழியில் நானும் டால்க்கைத்தான் முதலில் எண்ணுவேன். ஆனால், புதியது என்பதாலேயே அது எல்லாக் கண்ணிலும் மேலானதாகிவிடாது. ஆஸ்திரேலியாவின் கருவிழி மாற்றுப் பதிவேட்டை வைத்து 2014-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், ஒரே வகை நோய்க்குச் செய்தவற்றுள் டால்க்கைவிடப் பி.கே. ஒட்டுகளே (பொருத்திய கருவிழிகளே) கூடுதலாக நிலைத்திருந்தன, பார்வையிலும் பின்தங்கவில்லை. பெரிய பதிவேடுகளில் எல்லாக் கைகளின் வேலையும் கலந்திருக்கும் என்பதால், மிகத் தேர்ந்த ஒரு மருத்துவரின் முடிவுகள் அதைவிட மேலாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டால்க்கில் சவ்வின்மேல் மெல்லிய திசுத் தாள் எஞ்சிவிட்டால் பார்வை ஒரு வரி குறைந்து நிற்கும். அறுவை மேசையிலேயே சவ்வு பெரிதாகக் கிழிந்தால் பி.கே.யாக மாற்ற வேண்டிவரும். ஒப்புதல் படிவத்தில் இரண்டு பெயர்களும் எழுதியிருப்பது இதனால்தான்.

எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்ற கேள்விக்கு அதே பதிவேட்டிலிருந்து 2011-இல் வந்த ஆய்வு, கெரட்டோகோனஸுக்கான பி.கே. ஒட்டுகளைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது: பத்தாண்டுகள் முடிவில் 89 சதவீதம் நிலைத்திருந்தன; இருபதாண்டுகள் முடிவில் 49 சதவீதம். முதல் எண்ணைக் கேட்டால் மனம் நிறைகிறது. ஆனால், உங்கள் தம்பிக்கு 22 வயது. 42 வயதுக்குள் இரண்டாம் முறை இதே மேசையில் படுக்க நேர்வதற்கு ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு என்பதே இரண்டாவது எண்ணின் பொருள். இரண்டாம் ஒட்டு முதல் ஒட்டின் அளவுக்கு நிலைப்பதில்லை. லென்ஸால் ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தால் அந்த ஐந்து ஆண்டுகள் வீண்போனவை அல்ல என்று ஒளிவட்டம் சொல்வதும் இதற்காகத்தான்.

நிலாச்சோறு:

நான் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கும் கெரட்டோகோனஸ்தான், பி.கே.தான். நான்காம் ஆண்டில் என் ஒட்டு வெளுத்துவிட்டது.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. கண்ணாடியுடன் 6/9 வந்தது. இரண்டு சக்கர வாகனம் ஓட்டினேன், எம்.காம். முடித்தேன். கண் இவ்வளவு நன்றாக இருக்கும்போது சொட்டு மருந்து எதற்கு என்று நானாகவே நிறுத்திவிட்டேன். ஒரு தீபாவளி வாரத்தில் கண் லேசாகச் சிவந்தது, வெளிச்சம் கூசியது. பட்டாசுப் புகை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நான்காம் நாள் தொலைக்காட்சியின் கீழே ஓடும் எழுத்துகள் மங்கின. ஒன்பதாம் நாள்தான் மருத்துவமனைக்குப் போனேன். மணிக்கொரு முறை ஸ்டீராய்டு சொட்டு, ஊசி எல்லாம் பார்த்தார்கள். பாதி மீண்டது, பிறகு அதுவும் போயிற்று. மருத்துவர் கோபிக்கவில்லை. "முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒன்பது நாள்களை நான் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் நான்கு அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அதை அலைபேசி உறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. நான்கும் சேர்ந்து வரவேண்டியதில்லை, ஒன்று வந்தாலே அன்றே போக வேண்டும். இன்னொன்று, பிரட்னிசலோன் சொட்டு மருந்தில் மருந்து அடியில் படிந்திருக்கும்; குலுக்காமல் விட்டால் மருந்து சரியான அளவில் விழாது. எனக்கு இதை முதல் ஆண்டு முழுவதும் யாரும் சொல்லவில்லை.

கொற்கைமுத்து:

தங்கையே, எழுதியதற்கு நன்றி. எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன்: சொட்டை நிறுத்தினாலும் ஆபத்து, கேள்வி கேட்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தாலும் ஆபத்து. ஸ்டீராய்டு என் கண் அழுத்தத்தை 30-க்கு மேல் ஏற்றிவிட்டது. நல்ல வேளையாக வழக்கமான பரிசோதனையில் பிடித்து மருந்தை மாற்றினார்கள். அழுத்தம் உயர்வதை நாமாக உணரவே முடியாது. ஒட்டு தெளிவாக இருக்க, பின்னால் நரம்பு கெட்டுப்போன கண்ணும் உண்டு.

பனைநிழல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகின்றேன். அறுவை சிகிச்சையின் பயனைப் பேசும்போது அந்தக் கருவிழி எங்கிருந்து வருகின்றது என்பதையும் பேச வேண்டும். இலங்கைக் கண்தான சங்கத்தை வைத்தியர் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கினார். 1964-இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கருவிழிகள் அனுப்பப்பட்டன. அன்று தொட்டு இத்தீவின் கருவிழிகள் பல நாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கண்ணைக் கொடுப்பது தானங்களுள் உயர்ந்தது என்ற பௌத்த நம்பிக்கை இதற்குப் பெருந்துணை. என் பெரியம்மாவின் கண்களை நாங்கள் கொடுத்தபோது, கண் குழிந்து முகம் கெட்டுவிடும் என்று உறவினர் பயந்தனர். வந்தவர்கள் அரை மணித்தியாலத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்; முகத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் அறிவித்தல் கொடுப்பதில் தாமதிக்கக் கூடாது.

படலம்:

பனைநிழல் அவர்கள் சொன்னதையொட்டி ஒரு சிறு விளக்கம், ஏனெனில் பல வீடுகளில் "முழுக் கண்ணையே மாற்றுகிறார்கள்" என்ற எண்ணம் இருக்கிறது. கண் உருண்டையை மாற்றிப் பார்வையைக் கொண்டுவர முடியாது. பார்வை நரம்பை வெட்டி ஒட்ட முடியாது. கடிகாரத்தின் முன்கண்ணாடிபோன்ற அந்த ஒரு படலத்தைத்தான் மாற்றுகிறோம். தானமாக வந்த கருவிழியின் எண்டோதீலிய அணுக்களைக் கண் வங்கியில் எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் 2000-க்கு மேல் இருக்கும் திசுவையே பி.கே.க்கு விரும்புவோம், ஏனெனில் அந்த அணுக்கள் மறுபடியும் வளர்வதில்லை, குறைந்துகொண்டே மட்டும் போகும். மதுரையில் ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற பாதுகாப்புத் திரவத்தில் திசுவை இரண்டு வாரம்வரை வைத்திருக்க முடிவதால், அறுவை சிகிச்சையை முன்புபோல நள்ளிரவில் அவசரமாகச் செய்ய வேண்டியதில்லை.

ஒளிவட்டம்:

எல்லோரும் வலது கண்ணையே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இடது கண்தான் கவலையாக இருக்கிறது. 22 வயதில் 50 டயாப்டர் என்றால், இன்னும் பத்து ஆண்டுகளாவது கூடுவதற்கு இடமிருக்கிறது. வலது கண்ணுக்கு எத்தனை செலவு செய்தாலும், தம்பி இன்று வேலைக்குப் போவது இடது கண்ணை நம்பித்தான்.

அதற்குக் குறுக்குப் பிணைப்பு, அதாவது க்ராஸ்லிங்கிங், சிகிச்சை உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி 2003-இல் முதல் மருத்துவ முடிவுகள் வெளியான முறை அது. மேல்தோலை நீக்கி, ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டுகளை ஊறவைத்து, புறஊதாக் கதிரை அரை மணி நேரம் செலுத்துவார்கள்; கருவிழியின் கொல்லாஜன் இழைகள் தமக்குள் இறுகிக்கொள்ளும். வழக்கமான முறையில், கதிர் உள்ளணுக்களைத் தாக்காதிருக்கத் தோல் நீக்கிய பிறகும் 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். தம்பியின் இடது கண்ணில் இன்று அது இருக்கிறது, தள்ளிப்போட்டால் இல்லாமல் போகலாம். இதைப் பார்வையைக் கூட்டும் சிகிச்சை என்று எண்ணிப் போகாதீர்கள், நோயை நிறுத்துவதற்கானது. மூன்று நான்கு நாள்கள் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்ததுபோல எரியும், சில வாரங்கள் பார்வை முன்பைவிட மங்கலாகவே இருக்கும்.

அடுத்து, தம்பி கண்ணைக் கசக்குகிறானா? பஞ்சுத் தூசிக்கு நடுவில் வேலை என்பதால் கேட்கிறேன். கெரட்டோகோனஸ் உள்ளவர்களில் மிகப் பலர் விரல் முட்டியால் கண்ணைச் சுழற்றித் தேய்ப்பார்கள்; அவர்களுக்கே அது தெரியாது. ஒவ்வாமைக்குச் சொட்டு வாங்கி அரிப்பை அடக்காமல் "கசக்காதே" என்று மட்டும் சொன்னால் நடக்காது.

நொய்யல்:

க்ராஸ்லிங்கிங் பற்றி நானும் ஒப்புக்கொள்கிறேன். கூடவே, வளையம் வைப்பதைப் பற்றியும் கேளுங்கள். தானக் கருவிழித் திசுவிலிருந்து வெட்டிய பிறைத்துண்டுகளைக் கருவிழிக்குள் சுரங்கம் வெட்டிச் செருகும் கெய்ர்ஸ் என்ற முறையைச் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் உருவாக்கி, 2018-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நம் ஊரிலிருந்து வெளிநாடுகளுக்குப் போன முறை.

படலம்:

நல்ல முறைதான், கூம்பைத் தட்டையாக்கி லென்ஸோ கண்ணாடியோ பொருந்த வழிசெய்யும். ஆனால், நடுவில் தழும்பு உள்ள கண்ணில் வளையம் தழும்பை அகற்றாது. இடது கண்ணில் கண்ணாடியுடனேயே 6/9 தெரியும்போது இன்று அதற்குத் தேவையில்லை.

வைகைக்கரையாள் (இரண்டு மாதங்களுக்குப் பிறகு):

உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் அச்செடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நிலாச்சோறு அக்காவின் பதிவை மட்டும் அவர் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

ஹைட்ராப்ஸ் பற்றிச் சொன்னதும் மருத்துவர் விளக்கின் கீழ் மீண்டும் பார்த்தார். சவ்வு கிழிந்து ஆறிய தடம் நடுவிலேயே இருக்கிறது என்றார். ஸ்கிளீரல் லென்ஸ் மூன்று அளவுகளில் போட்டுப் பார்த்தார்கள். லென்ஸ் நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால், 6/36-க்கு மேல் போகவில்லை. தழும்புதான் காரணம் என்று இப்போது எங்களுக்கே புரிந்தது. இடது கண்ணுக்கு முதலில் க்ராஸ்லிங்கிங் செய்துவிட்டோம். தம்பி ஆலையில் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறான். கண்ணைக் கசக்குவதை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். முதல் நாள் 31 முறை என்று வெட்கத்தோடு சொன்னான். வலது கண்ணுக்குப் பி.கே. என்று முடிவாகிப் பெயர் பதிந்திருக்கிறோம்.

வைகைக்கரையாள் (மேலும் ஏழு மாதங்களுக்குப் பிறகு):

அறுவை சிகிச்சை முடிந்து இன்று 19 வாரங்கள். முழு மயக்கம் கொடுத்து ஒன்றரை மணி நேரம் நடந்தது, 16 தையல்கள். முதல் வாரம் 6/60. மூன்றாம் மாதம் கண்ணாடி இல்லாமல் 6/24, ஊசித்துளை வழியே பார்த்தால் 6/12. டோப்போகிராபியில் (கருவிழியின் வளைவைக் காட்டும் படத்தில்) எட்டு டயாப்டர் சிலிண்டர் இருந்ததால், இறுக்கமான அச்சில் இருந்த இரண்டு தையல்களைச் சென்ற மாதம் எடுத்தார்கள், இப்போது ஐந்தரை. இதற்கெல்லாம் நாங்கள் முன்பே தயாராக இருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. சொட்டு மருந்துக்கு அம்மா அலைபேசியில் மணி வைத்திருக்கிறார். பாட்டிலைக் குலுக்கிவிட்டுத்தான் கொடுக்கிறார்.

ஒரு சந்தேகம். நேற்று மாலையிலிருந்து அந்தக் கண்ணில் ஒரு முடி குத்துவதுபோல இருக்கிறது என்கிறான். சிவப்பு மிகக் குறைவு, பார்வை மங்கவில்லை. கைவிளக்கு அடித்துப் பார்த்தால் கீழ்ப்பக்கம் ஒரு தையலின் மேல் பீளை ஒட்டியிருப்பதுபோலத் தெரிகிறது. அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. அதுவரை காத்திருக்கலாமா?

படலம்:

காத்திருக்க வேண்டாம், இன்றே போங்கள். பெரும்பாலும் அந்தத் தையல் தளர்ந்திருக்கும். தளர்ந்த நைலான் நூல், முடியைவிட மெல்லியதானாலும், கிருமி ஏறுவதற்கும் இரத்தக்குழாய் வளர்வதற்கும் வழியாகிவிடும்; அது நிராகரிப்பையும் தூண்டும். எடுப்பது ஐந்து நிமிட வேலை. வீட்டில் யாரும் அதைத் தொடவோ பீளையைத் துடைத்தெடுக்கவோ முயல வேண்டாம். போகும்போது சொட்டு மருந்துப் பாட்டில்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

நிலாச்சோறு:

தங்கையே, இரவு நேரம் என்று பார்க்காதீர்கள். அவசரப் பிரிவில், "கருவிழி மாற்றிய கண்" என்று முதலில் சொல்லுங்கள், அதன் பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

வைகைக்கரையாள்:

போய்விட்டு இப்போதுதான் திரும்பினோம். ஒரு தையல் தளர்ந்துதான் இருந்தது. எடுத்துவிட்டு, ஆண்டிபயாட்டிக் சொட்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டு தெளிவாக இருக்கிறதாம். திரும்பும் வழியில் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, எதிரே வந்த பேருந்தின் பலகையைத் தம்பி வாய்விட்டுப் படித்தான். ஊர்ப்பெயர் சரியாக இருந்தது, எண்ணில் ஒன்றைத் தவறாகச் சொன்னான்.